எட்டு நாற்பதுக்கு வெள்ளி இல்லை

மார்ச் 4
ஆண்டறிக்கைக்காகப் பழைய கோப்புகளைத் தூசி தட்டுகிறேன். வானத்தில் ஏதோ வெளிச்சம் தெரிந்ததாகப் போன வருடம் எங்கள் வானாய்வு அலுவலகத்துக்கு வந்த புகார்கள் நூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றையும் விசாரித்து முடித்து வைத்தவள் நான். விமானம், பலூன், வெள்ளிக் கிரகம். "உங்க ஆபீஸ்ல பறக்கும் தட்டுக்கு ரசீது குடுப்பீங்களா?" என்கிறார் வீட்டுக்காரர். கொடுப்போம், மூன்று பிரதிகளில்.

மார்ச் 6
பஸ் டிரைவர் ஒருவரின் கோப்பு. அக்டோபரில், இரவு எட்டு நாற்பதுக்கு, பாலத்தின் நடுவில் பஸ்ஸை நிறுத்திவிட்டார். ஆற்றுக்கு மேலே மூன்று வெளிச்சங்கள் கூடவே வருவதாகச் சொல்லியிருக்கிறார். பயணிகள் யாரும் பார்க்கவில்லை. போக்குவரத்துத் துறை எங்கள் கருத்தைக் கேட்டது. வெள்ளிக் கிரகம் என்று எழுதி அனுப்பினேன். இன்று கிரகங்கள் மறையும் நேர அட்டவணையைப் பார்க்கிறேன் — அன்றைக்கு வெள்ளி ஏழு பத்துக்கே மறைந்துவிட்டது.

முந்தைய கோப்பின் பதிலை அப்படியே நகலெடுத்து, பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றியிருக்கிறேன். மூன்று வெள்ளி எப்படி வரும் என்றுகூடத் தோன்றவில்லையே எனக்கு! அந்த ஒற்றைத் தாளை வைத்துத்தான் அவருக்குப் புத்தி சரியில்லை என்று ஸ்டியரிங்கிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். டிப்போவில் பஸ் கழுவுகிறாராம்.

மார்ச் 7
மேலதிகாரியிடம் சொன்னேன்.
"சரி, வெள்ளி இல்லேன்னா என்னன்னு எழுதுவீங்க?"
"தெரியலைன்னு."
"ஃபாரத்துல அந்தக் கட்டமே இல்லையேம்மா."
உண்மைதான், இல்லை.

மார்ச் 8
சோறு இறங்கவில்லை.

மார்ச் 11
மதியம் டிப்போவுக்குப் போனேன். ஐம்பது வயதிருக்கும். பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, கையில் ரப்பர் குழாயோடு நின்றார். நான் யாரென்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்தார். துறை அவருக்குக் கொடுத்திருந்த என் கடிதத்தின் நகல்.

"நீங்கதானா மேடம்? நல்லா இருக்கணும் நீங்க. அது இப்பவும் வருது. சாயங்காலம் லைட் போடுற நேரத்துல, இந்த ஷெட்டுக்கு மேல, மூணா நிக்கும். குழாயைப் போட்டுட்டு ஓடிடலாம்னு வரும். உடனே இதை எடுத்துப் படிப்பேன். வெள்ளின்னு கவர்மெண்டே சொல்லிருக்கே! அப்புறம் வேலையைப் பாக்கப் போயிடுவேன்."

சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பிவிட்டேன். கோழை.

மார்ச் 12
சொல்லவா, வேண்டாமா? அந்தத் தாளைப் பிடுங்கிக்கொண்டால் மனுஷன் எதைப் பிடித்துக்கொள்வார்? ஆனா இருபத்திரண்டு வருஷம் ஒரு கீறல் விழாம ஓட்டினவர். என் சோம்பேறித்தனத்துக்கு அவர் பைத்தியக்காரப் பட்டம் சுமக்கணுமா? முடியாது.

மார்ச் 14
திருத்தக் கடிதம் போய்விட்டது, அவருக்கும் ஒரு பிரதி. கட்டம் இல்லாததால் ஓரத்தில் கையால் எழுதினேன்: "என்னவென்று தெரியவில்லை. பார்த்தவர் மேல் தவறில்லை." மேலதிகாரி கையெழுத்துப் போட்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 2
ஆபீசுக்கு டிரைவர் போன் செய்தார்.
"பஸ்ஸைத் திருப்பிக் குடுத்துட்டாங்க மேடம். வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்."
"ஐயோ, ஏன்?"
"உங்க புதுக் கடுதாசி வந்துச்சே. அப்போ அது வெள்ளி இல்லியே மேடம்... நாப்பது பேரை ஏத்திக்கிட்டு அதுக்குக் கீழ எப்படிப் போவேன்?"

போனை வைத்துவிட்டேன். மன்னிச்சிடுங்க என்றாவது சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து, இருட்டுவதற்கு முன்பே ஜன்னல்களை எல்லாம் சாத்தித் திரையையும் இழுத்துவிட்டேன். ஏம்மா என்றாள் மகள். கொசு என்றேன்.