கவிழ்க்காத சிரட்டை

2025 ஜனவரி 20, திங்கள்

பெரட்டு, காலை ஆள் கணக்கெடுப்பு, சரியாக 5.50க்கு. இருவர் தாமதம், பதிந்தேன். எட்டாம் நம்பர் மலையில் றப்பர் இலை ஏறக்குறைய உதிர்ந்துவிட்டது. வியாழன் முதல் பால் வெட்டு நிறுத்தம்.

சனிக்கிழமை இந்திரகுமாரின் முப்பத்தோராம் நாள் காரியம். என் மனைவி ஜீவராணியின் தம்பி, என் மேற்பார்வையில் எட்டாம் மலையில் பால் வெட்டியவன். காரியம் முடிந்ததும் அவன் மனைவி துஷ்யந்தி அவனுடைய கைபேசியை என்னிடம் தந்தாள். "இதுல இன்னமும் ஏதோ ஓடிக்கிட்டு இருக்குண்ணே. நீங்கதான் பாக்கணும்."

பார்த்தேன். தங்கத்தில் ஒரு வர்த்தகம் திறந்தபடி இருக்கிறது. டிசம்பர் 11 வாங்கியது. விலை விழுந்தால் தானாக விற்று நட்டத்தை நிறுத்தும் கட்டளை இல்லை. வாங்கிய விலைக்குச் சற்றுக் கீழே நிற்கிறது.

கணக்குக்குரியவர் இறந்தால் வர்த்தக நிறுவனத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும். நாளை அறிவிப்பேன்.

ஜனவரி 21

அறிவிக்கவில்லை.

ஜனவரி 23, வியாழன்

விலை அவன் வாங்கிய இடத்தைத் தாண்டிவிட்டது. என் முதல் உணர்வு மகிழ்ச்சி. அதை இங்கே எழுதி வைப்பது கடமை.

நவம்பரில் அவனுக்கு எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத் தாளின் பிரதியை எடுத்துப் படித்தேன். மூன்று வர்த்தக முறைகள். ஸ்கால்பிங்: ஒன்று முதல் ஐந்து நிமிடம், சிறு இலாபம், பல தடவை, ஒவ்வொரு தடவையும் கட்டணம். டே டிரேடிங்: எடுத்ததை அன்றே முடிப்பது. ஸ்விங்: சில நாள் முதல் சில வாரம் வரை வைத்திருப்பது, தடவைகள் குறைவு, ஆனால் வைத்திருக்கும் ஒவ்வொரு இரவுக்கும் கட்டணம் உண்டு. கடைசித் தலைப்பு, மன அழுத்தம். ஸ்கால்பிங்குக்கு "மிக அதிகம்", ஸ்விங்குக்கு "குறைவு" என்று எழுதி, சிவப்பு மையால் அடிக்கோடும் இட்டிருக்கிறேன். அவனுக்கு இரத்த அழுத்தம் இருந்தது. அதனால்தான் எழுதிக் கொடுத்தேன்.

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "மரத்துக்கு அரை நிமிசம்தான் மச்சான் எனக்கு. சீவணும், அடுத்த மரத்துக்குப் போகணும். இதுவும் அப்படித்தானே?"

"மரம் உன்னைத் திருப்பிச் சீவாது. சந்தை சீவும்" என்றேன்.

"நீங்க பேசுனா பரீட்சைப் பேப்பர் மாதிரியே இருக்கு" என்று சிரித்தான். ஆனால் கேட்டான். நான் சொன்னால் கேட்பவன்.

ஜனவரி 26, ஞாயிறு

ஜூன் முதல் நவம்பர் வரை அவன் செய்த ஸ்கால்பிங் வர்த்தகங்கள் 214. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாமே பிற்பகல் இரண்டு மணிக்கும் நான்குக்கும் இடையில், பால் நிறுத்துக் கொடுத்த பிறகு. இழப்பு ஒன்றும் பெரிதில்லை. மொத்தத்தில் சிறிய இலாபம். ஒருநாள்கூட ஒன்றையும் திறந்து வைத்துவிட்டுப் போனதில்லை. பால் எடுத்ததும் மரத்தில் கட்டிய சிரட்டையைக் கவிழ்த்துவிட்டு நகர்கிறவனின் ஒழுங்கு.

என் ஆலோசனைக்குப் பின் ஸ்விங் முறையில் செய்தவை மூன்று. இரண்டு நட்டம். மூன்றாவது, இது.

தாளில் நான் எழுதியது தவறா? தவறில்லை. புத்தகப்படி ஒரு வரியும் தவறில்லை. அப்படியானால் ஏன் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்?

ஜனவரி 27

டிசம்பர் 15. கோவிலடியில் அவன் சொன்னது இன்று முழுவதும் காதில்: "மச்சான், இந்த ஸ்விங்கு வெச்சதுல இருந்து ராத்திரியெல்லாம் எங்கயோ பால் சொட்டுற மாதிரியே இருக்கு. எந்திரிச்சு எந்திரிச்சு பாக்குறேன்."

"பழகிவிடும்" என்றேன்.

ஜனவரி 29, புதன்

கைபேசியில் எல்லாம் நேரத்துடன் பதிவாகியிருக்கிறது. டிசம்பர் 19 அதிகாலை. 12.30க்குப் பின் தங்கம் சரியத் தொடங்கியது. 12.47, 12.53, 1.10 — எனக்கு மூன்று அழைப்புகள். 1.14க்கு நட்டத்தை நிறுத்தும் கட்டளையை அவன் நீக்கியிருக்கிறான்.

இரவு ஒன்பதுக்குப் பின் என் கைபேசி ஒலிக்காது. பத்தொன்பது வருட விதி.

எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? கை வைக்காதே, சின்ன நட்டத்தோடு அதுவாகவே முடியட்டும், போய்ப் படு. மூன்று வசனம். அரை நிமிடம்.

காலையில் பெரட்டில் கேட்டேன்: "என்ன, ராத்திரி கூப்பிட்டிருந்த?"

"ஒண்ணுமில்ல மச்சான். சும்மா."

பெயருக்கு நேரே சரி போட்டேன். பத்தரைக்கு அவன் 187ஆவது மரத்தடியில் கிடந்தான். மாரடைப்பு. கத்தி கையில், கைபேசி சட்டைப் பையில். வேலை நேரத்தில் மலைக்குக் கைபேசி கொண்டுவராதவன்.

அன்று அவன் வெட்டிய மரங்களின் பாலை யாரும் சேர்க்கவில்லை. மறுநாள் போனேன். நூற்று எண்பத்தாறு சிரட்டைகள், எல்லாம் நிமிர்ந்தபடி, எல்லாவற்றிலும் பால் கட்டியாகி. இப்போது இலையும் இல்லை. கண்ணை மூடினால் அந்த வரிசைதான்.

பெப்ரவரி 2, ஞாயிறு

துஷ்யந்தி வந்தாள். மழைக்கு முன் கூரைக்குத் தகரம் போட வேண்டும். "அதுல ஏதாச்சும் மிச்சம் இருக்காண்ணே?"

இருக்கிறது, ஏறிக்கொண்டிருக்கிறது, விற்பதற்கு அவனே குறித்து வைத்த இலக்கு விலை இன்னும் வரவில்லை, பொறுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்று விளக்கினேன். இலக்குக்கு முன் விற்பது விதிக்குப் புறம்பு என்றும் சொன்னேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "அவரு செத்தும் அது முடியலையே அண்ணே. வித்துடுங்க. கூடுதலா ஒண்ணும் எனக்கு வேணாம்" என்றாள்.

ஜீவராணி அடுப்படியிலிருந்து: "யாரு ஜெயிக்கணும்னு அத விக்காம வெச்சிருக்கீங்க? அவனா, நீங்களா?"

பதில் எனக்குத் தெரியும். இலக்கு எட்டினால் என் தாள் சரியாகும். தாள் சரியானால் நான் அவனைச் சாகடிக்கவில்லை என்று ஆகும் — இல்லை. அப்படி ஆகாது. எப்படி ஆகும்?

பெப்ரவரி 5, புதன்

மாலை 4.10. இலக்குக்கு இன்னும் சிறிது தூரம் இருக்கையில் வர்த்தகத்தை மூடினேன். இறந்தவனின் கணக்கில் நான் கை வைத்தது முறையன்று. வேறு வழியில் அவன் தொடங்கியதை முடித்துவைக்க எனக்குத் தெரியவில்லை. ஐம்பத்தாறு நாளின் இரவுக் கட்டணம் கழித்து வந்ததை எடுத்துத் துஷ்யந்தியிடம் கொடுக்க ஏற்பாடு. பிறகு நிறுவனத்துக்கு அறிவித்தேன்.

திரை வெறுமையாக இருந்தது. வெகுநேரம் பார்த்தேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

பணத்தைக் கொடுத்தேன். கூடவே சொல்லிவிட்டேன்: அந்த இரவு மூன்று முறை அழைத்தான், நான் எடுக்கவில்லை.

துஷ்யந்தி பணத்தை எண்ணவில்லை. "தெரியும்ணே. நான்தான் போன் அடிக்கச் சொன்னேன். மச்சான் தூங்குவாரு, வேணாம்னாரு. நான்தான் சொன்னேன், அவசரம்னா எடுப்பாருன்னு."

தெரிந்தேதான் கைபேசியை என்னிடம் தந்திருக்கிறாள். ஏன் அன்றே கேட்கவில்லை என்றேன்.

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்."

தேநீர் தந்தாள். சீனி போட மறந்திருந்தாள். குடித்தேன்.

பெப்ரவரி 11

தங்கம் இன்று அவனது இலக்கைத் தாண்டியது.

பெப்ரவரி 12

தாளின் கடைசித் தலைப்பில் இருந்த இரண்டு விடைகளையும் வெட்டினேன். "ஆளைப் பொறுத்தது" என்று எழுதி, அதற்குக் கீழே: "அவன் தூங்குகிறானா என்று முதலில் கேட்கவும்." யாருக்காக எழுதுகிறேன்?

மார்ச் 17, திங்கள்

புதுத் துளிர் முற்றிவிட்டது. வெட்டு மீண்டும் தொடக்கம். எட்டாம் மலையில் அவனுடைய மரங்கள் இன்று முதல் துஷ்யந்திக்கு. அவளுடைய பெயருக்கு நேரே சரி போடுமுன் முகத்தைப் பார்த்தேன். இரவு நன்றாகத் தூங்கியிருந்தாள்.

மலையில் வெட்டுப் பரிசோதனைக்குப் போனேன். வெட்டு மெல்லியது, பட்டையில் காயம் எதுவுமில்லை. 187 வரை நடந்தேன். பால் எடுத்து முடித்த எல்லாச் சிரட்டைகளும் கவிழ்ந்திருந்தன.

இரவு 9.40. கைபேசி ஒலித்தது. இப்போது அதை மௌனமாக்குவதில்லை. துஷ்யந்தி.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லண்ணே. எடுக்குறீங்களான்னு பாத்தேன்."