தண்ணி அடித்தது டயருக்கு

தை 19, திங்கள்

பனி. எட்டு மணி வரைக்கும் எதிர்வீடு தெரியவில்லை.

டிராக்டர் வாய்க்காலில் கவிழ்ந்து இவர் போய் இன்றோடு இருபத்தொரு நாள். கருமாதிக்கு எடுத்த வாடகைப் பாத்திரம் திருப்பியாயிற்று. ஒரு கரண்டி குறைகிறதாம். அங்கன்வாடிக்கு லீவ் லெட்டர் எழுத வேண்டும். அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எப்போது ஆரம்பிப்பாள் என்று.

சாயங்காலம் கொழுந்தனார் சேகர் எஃப்.ஐ.ஆர். காப்பி வாங்கி வந்தார். என்னிடம் நீட்டவில்லை. மகள் கோமதியிடம் கொடுத்தார். நர்ஸிங் படிக்கிறவள், விவரம் தெரிந்தவளாம். ரெண்டு தரம் படித்தாள்.

"எம்மா, அப்பா தண்ணி அடிச்சிட்டு வண்டி ஓட்டனாருன்னு நீ சொன்னியா?"

இல்லவே இல்லை என்றேன்.

"அப்ப இது யார் கையெழுத்து?"

என்னுடையதுதான்.

தை 20, செவ்வாய்

தலைவலி. காபித்தூள் தீர்ந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வராண்டா. ஏட்டு கேட்டது: "தண்ணி அடிச்சிருந்தாராம்மா?" நான் சொன்னது: "ஆமாங்க சார், காலைலயே அடிச்சிட்டுத்தான் போனாரு."

டயரைக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். அதற்கு முன்னால் ஒரு வாரமாக வீட்டில் அந்தப் பேச்சுதான். மினி டிராக்டர், கனமே இல்லை. அபிஷேகப்பாக்கம் கரும்புக் கொல்லைக்கு வாய்க்கால் மேட்டில் சரிவாகப் போகும்போது ஆடுகிறது. பின் டயர் ரெண்டிலும் தண்ணி அடித்தால் கீழே கனம் நிற்கும், வண்டி சாயாது. வில்லியனூர் பஞ்சர் கடை அந்தோணி சொன்ன யோசனை. காத்து அடிக்கிற மாதிரி தண்ணி அடிப்பது. முக்கால் டயர் தண்ணி, மேலே காத்து. அவ்வளவுதான் விஷயம்.

பாண்டிச்சேரியில் பிறந்து வளர்ந்து ஒரு பீர் குடித்ததில்லை இந்த மனுஷன். கல்யாண வீடுகளில் 'மோர் பார்ட்டி' என்று பெயர். அவரைப் போய் குடிகாரர் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். சீ.

கோமதியிடம் சொன்னேன். "எவன் நம்புவான்மா?" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

தை 21, புதன்

குழம்பில் உப்பு போடவில்லை. யாரும் சொல்லவில்லை.

சேகரோடு ஸ்டேஷன் போனேன். ஏட்டு கெட்டவர் இல்லை.

"டயருக்கா? இன்னாம்மா, வெளையாடுறியா?" சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி. டயர்ல தண்ணி இருக்குன்னு காட்டு. வேற வாக்குமூலம் எழுதிக்கலாம்."

வெளியே வரும்போது ஒரு போலீஸ்காரர் இன்னொருவரிடம்: "வண்டியே தண்ணி அடிச்சிருக்குதாம்பா." வேறொருத்தி புருஷனாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

நாளைக்கு: அந்தோணியைக் கூப்பிட வேண்டும். கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும். லீவ் லெட்டர் (இன்னும் எழுதவில்லை).

தை 22, வியாழன்

நல்ல வெயில். வண்டி ஸ்டேஷன் பின்னால் நிற்கிறது. அந்தோணி வந்தார். கோமதியும் வந்தாள், நான் கூப்பிடவில்லை.

வால்வு கீழே வருகிற மாதிரி வண்டியைத் தள்ளினார்கள். இடது டயர். திறந்ததும் தண்ணி பீய்ச்சி ஏட்டின் பூட்ஸ் நனைந்தது. கோமதி என் கையைப் பிடித்தாள்.

வலது டயர். காத்து. வெறும் காத்து, கடைசி வரைக்கும்.

அந்தோணி எழுந்திருக்கவில்லை. "ஒத்தப் பக்கம்தான் அடிச்சிருக்காரு சார். எடது பக்கம் வாய்க்கா. மேட்டுப் பக்கம் இழுத்துப் புடிக்க வெயிட்டே இல்ல. ரெண்டு டயருக்கும் அடிங்கன்னு படிச்சிப் படிச்சி சொன்னனே."

"பாதி வேலைல எதுக்கும்மா கெளம்புனாரு?" ஏட்டு.

"தெரியலிங்க சார்."

தெரியும். அன்று காலை மோட்டார் கொட்டகைப் பக்கம் போய்க் கத்தினேன்: இட்லி ஆறிப் போவுது, வந்து துன்னுட்டு அப்புறம் அடிங்க. ஓஸ் பைப்பை அப்படியே போட்டுவிட்டு வந்தார். நாலு இட்லி. கை கழுவினார், நேரே வண்டியில் ஏறிப் போய்விட்டார். மிச்ச டயரை அவரும் மறந்தார், நானும் கேட்கவில்லை.

கோமதி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். இனிமேல் எவனும் அப்பாவைக் குடிகாரன் என்று சொல்ல முடியாதாம். சாயங்காலம் எனக்குத் தலை வாரிவிட்டாள். நன்றாக இருந்தது. அதுவும் எங்கேயோ யாருக்கோ நடப்பது போல.

தை 23, வெள்ளி

பனி. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

ஸ்டேஷன். ஏட்டு எழுதி வைத்திருந்தார். இந்தத் தடவை வாசித்துக் காட்டச் சொன்னேன். கணவருக்கு மதுப்பழக்கம் இல்லை. தண்ணீர் என்று நான் சொன்னது டயரில் நிரப்பியதை. அவசரத்தில் ஒரு டயரை நிரப்பாமல் சென்றுவிட்டார்.

"அவசரம் அவருக்கு இல்ல சார். நான்தான் வேலைய வுட்டுட்டு சாப்புட வரச் சொன்னேன். அதையும் எழுதுங்க."

"அதெல்லாம் கேஸுக்கு வேணாம்மா."

"எழுதுங்க சார்."

ஏட்டு கோமதியைப் பார்த்தார். கோமதி என்னைப் பார்த்தாள். எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தது. கோமதி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.