எறும்புக்குத் தித்தித்த வெல்லம்

என் ஆசை மச்சானுக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் தறியும் பட்டும் உண்டோ இல்லையோ, ஆரணியில் இன்று காலை நடந்ததைக் கேள்.

உனக்கு வந்த நீரிழிவு இப்போ எனக்கும் வந்திருக்கு. ஒண்ணுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்ச்சதைப் பார்த்து உன் தங்கச்சிதான் கண்டுபிடிச்சா. சேவூர் வைத்தியர் உனக்குச் சொன்னதையே எனக்கும் சொன்னார்: காலையில் சிறுகுறிஞ்சான் இலையை மென்று தின்னு, தித்திப்பைத் தொடாதே.

தொடாமல் இருக்க முடியுமா? நெய்து முடிச்ச சேலையைத் தறியிலிருந்து அறுக்கும்போது, சாமிக்கு வெச்ச வெல்லத்தை வேணாம்னு சொன்னா அடுத்து தறியில் ஏத்துற பாவு நூல் விளங்குமா? அதுக்குத்தான் நீ ஒரு வழி வெச்சிருந்தே.

"மொதல்ல இலையை மெல்லு மாப்ளே. அப்புறம் வெல்லம் மண்ணு மாதிரி இருக்கும். செத்துப்போன தித்திப்பு ஒடம்ப என்னா பண்ணும்?"

சொல்லிட்டு இன்னொரு துண்டையும் வாயில் போட்டுகினு சிரிப்பே. நானும் நம்பினேன்.

இன்று மாம்பழ நிறச் சேலை ஒண்ணு அறுத்தோம். இலையை மென்றுட்டு வெல்லத்தைக் கடிச்சேன். மண்ணேதான். மீதியைத் தறிக்குழி ஓரத்தில் வெச்சிட்டுச் சேலையை மடிச்சேன். திரும்பிப் பார்த்தா, ஐயோ மச்சான், கடிச்ச துண்டு முழுக்க எறும்பு! என் வாயில் செத்துப்போன தித்திப்பு எறும்புக்கு எப்படி உசுரோட இருக்கு?

குந்தி உத்துப் பார்த்தேன். இலை வெல்லத்தை ஒண்ணும் பண்ணலை. நம்ம நாக்கைத்தான் கட்டிப்போட்டிருக்கு. வெல்லம் வெல்லமாவே உள்ளே போயிருக்கு. உன் கால் புண் ஆறாம அழுகினப்போ, பச்சிலை ஏமாத்திடுச்சுன்னு வைத்தியர்கிட்ட சண்டைக்குப் போனோமே! அடப்பாவி, ஏமாந்தது நாம இல்லியா?

உன் தங்கச்சி பக்கத்தில் வந்து எறும்பையே பார்த்துகினு நின்னா.

"எங்கண்ணன் சேலை அறுக்குறப்பல்லாம் இதைத்தானே தின்னுச்சு?"

இலையை மெல்லுவேன் மச்சான், வைத்தியர் சொன்னபடியே. வெல்லத்தை மட்டும் கண்ணில் ஒத்திகினு, நீ உட்கார்ந்து நெய்த தறிக்குழி ஓரத்தில் வெச்சிடுவேன். எறும்பு தின்னட்டும். சாமி கோவிச்சுக்கட்டும், பாவு விளங்காமப் போகட்டும். உன்னைத் தூக்கினப்போ அவ அழுத அழுகையை இன்னொரு வாட்டி அழ விடமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் தங்கச்சியைக் கட்டின
மாப்ளே