பன்றிக்குட்டிகளின் தூள்

இஞ்சாருங்கோ,

நான் உப்பளத்துக்குப் போறன். சோறு மூடி வைத்திருக்கு.

மிருக வைத்தியர் பன்றிக்குட்டிகளுக்குத் தந்த தூளை மூன்று நாளாய்த் தேடினேன். இன்றைக்குத்தான் கண்டேன். திரும்பவும் ஓட வேண்டி வந்தால் தூக்க என்று நீங்கள் கட்டி வைத்திருக்கிற பைக்குள், காணி உறுதியோடு கிடக்கு! கேட்டால் "கஷ்ட காலத்துக்கு உதவும்" என்பீர்கள். பால் மறக்கப்பண்ணின குட்டிகளுக்கு இதுதான் கஷ்ட காலம். ஒன்று வயிறு கழிந்தே செத்துப்போச்சு. உங்களோட நான் என்னத்தைச் சொல்ல!

அது மருந்து இல்லை, வயிற்றிலுள்ள நல்ல கிருமிகளுக்குச் சாப்பாடு என்று வைத்தியர் உங்களுக்கும்தானே சொன்னவர்? ஆறின தவிட்டுக் கஞ்சியில் ஒரு கரண்டி, காலையும் பின்னேரமும். தூளை மிச்சம் பிடிக்காதேங்கோ.

பையைப் பழையபடி கட்டி வைத்திட்டன். சண்டை முடிந்து நாலு வருசம், எனக்கும் பயம் விடவில்லை. ஆனால் தூள் வெளியில்தான் இருக்கும்.

திரேசம்மா

இன்னொன்று. சின்னக் குட்டி விடிய எழும்பவில்லை. சாக்கால் சுற்றி அடுப்படியில் வைத்திருக்கிறன். முதலில் அதுக்குக் கஞ்சித்தண்ணி பருக்குங்கோ. செத்தால் உப்பளத்துக்கு வந்து சொல்லாதேங்கோ. அத்தனை பேருக்கு நடுவில் என்னால் அழ ஏலாது.