ஒரு தடவைதான் கேட்பார்கள்

செயின்ட் பால், மினசோட்டா
பிப்ரவரி

அன்புள்ள சே வா அக்காவுக்கு,

தங்கை பா லே எழுதுவது. அகதி முகாமில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். என் வீட்டுக்காரர் போய்விட்டார் என்று மட்டும்தான் போனில் சொன்னேன். எப்படிப் போனார் என்று கேட்டாயே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வான்கோழி வெட்டும் ஆலையில் அவருக்குக் காலை வேலை, எனக்குச் சாயங்காலம். அன்று வேலை நடுவில் நெஞ்சு வலித்து, கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருக்கிறார். மேற்பார்வையாளர் கர்ட் ஓடி வந்தார். கெட்டவர் இல்லை அக்கா, போன பனியில் புதைந்த எங்கள் காரைத் தள்ளிவிட்டவர்தான். பக்கத்து வரிசையில் நம் கரேன் இனத்துப் பெண் முலா நிற்கிறாள். கைக்குழந்தையாக இங்கே வந்து வளர்ந்தவள். அவளைக் கூப்பிட்டு, ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா என்று கேட்கச் சொன்னார். அவளும் நம் பேச்சில் ஒழுங்காகவே கேட்டாள்.

இவர் என்ன சொல்லியிருப்பார் என்று உனக்குத் தெரியாதா?

"வேண்டாம்மா, அவங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்."

நம்மிடையே அதற்கு இன்னொரு தடவை கேள் என்று அர்த்தம். மூன்றாவது தடவைதான் சரி என்போம். எடுத்த எடுப்பிலேயே தலையாட்டினால் அலைகிறான் என்று சிரிப்பார்கள். இங்கே ஒரு தடவைதான் கேட்பார்கள். வற்புறுத்தினால் மரியாதைக் குறைவாம். கர்ட் அவர் தோளைத் தட்டி, உடை மாற்றும் அறையில் உட்காரச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேலை முடிந்து மற்றவர்கள் போய்ப் பார்த்தபோது பெஞ்சில் சாய்ந்தபடியே இருந்தாராம். உடம்பு சில்லிட்டிருந்தது.

முலா வந்து என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நான் ஒரு வார்த்தகூட மாத்திச் சொல்லலக்கா. அவரு வேண்டாம்னாரு, நானும் வேண்டாம்னுதான் சொன்னேன்."

இத்தனை பேச்சுக் கற்றுக்கொண்டாயே, அந்த வேண்டாம் என்னவென்று உன் அம்மா சொல்லித் தரவில்லையா என்று கேட்டுவிட்டேன். அவர்கள் வீட்டில் யாரும் இரண்டாம் தடவை கேட்பதில்லையாம். பாவம், அவளை என்ன சொல்ல?

அடக்கம் முடிந்த மறுநாள் கர்ட் தனியாக வந்தார். அவர் மனைவி செய்த உருளைக்கிழங்குப் பண்டத்தைக் கொடுத்துவிட்டு, வாசலிலேயே நின்று, ஏதாவது உதவி வேண்டுமா என்று கையைக் காட்டிக் கேட்டார். வீட்டில் வெப்பக் கருவி கெட்டு விரல் விறைக்கிறது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எல்லாம் பட்ட பிறகும் என் பாழாய்ப்போன வாயில் வந்தது, "நோ, தேங்க்யூ." இங்கிலீஷில் எனக்குச் சுத்தமாக வருவது அது ஒன்றுதான். சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். கார் போகும்வரை ஜன்னலில் நின்று பார்த்தேன் அக்கா.

இங்கே வர உனக்கு அனுமதி கிடைத்தும், உங்களுக்கு எதற்குப் பாரம் என்று தள்ளிப்போடுகிறாய். என் வீட்டுக்காரர் இருந்தபோது இரண்டு தடவை உன்னைக் கூப்பிட்டார். இரண்டு தடவையும் வேண்டாம் என்றாய்.

இப்போது நான் கூப்பிடுகிறேன். இது மூன்றாவது.

உன் வழி பார்த்திருக்கும்,
பா லே