வட்டக் கடிகாரம்

மார்ச் 4

குண்டுவுக்கு அப்பா எழுதுவது.

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு இன்னும் கூடவில்லை. படுத்தபடியே எதிரே இருக்கும் டிவியைப் பார்க்கிறாள். அதில் டிவிடி போட்டால்தான் படம் வரும். போனில் பார்க்கட்டும் என்று நீ சொல்லிவிட்டாய். அவள் கண்ணுக்கு அது தீப்பெட்டி.

நீ சொன்ன சாஃப்ட்வேர் சுலபம்தான். நீ அவளுக்கு அனுப்பும் வீடியோவை இறக்கி உள்ளே போட்டால் டிவிடிக்கு ஏற்றபடி மாற்றித் தருகிறது. ஆனால் உன் முகத்தை ஒடுக்கிவிடுகிறது. கன்னமே இல்லை. குண்டு எங்கே, இது யார் என்று கேட்கிறாள். வேறு நல்லதாகச் சொல்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஊரை விட்டுப் போனவன் நீ. அவளுக்காகத்தான் இந்த வேலை.

அப்பா


மார்ச் 19

குண்டுவுக்கு,

வீடியோ வருகிறது, பதில் வரவில்லை. நானே இன்னும் இரண்டு சாஃப்ட்வேரைத் தேடிப் பிடித்தேன். ஒன்று உன் நெற்றியில் தன் பெயரை எழுதுகிறது. இன்னொன்று மாற்றி முடிப்பதற்குள் நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுகிறேன். இரண்டிலும் முகம் ஒல்லிதான்.

அகல உயரக் கணக்குத் தவறினால் இப்படி ஆகுமாம். படத்தை நிறுத்தி, டிவி மேலேயே அடிக்கோலை வைத்து, உன் பின்னால் சுவரில் உள்ள கடிகாரத்தை அளந்தேன். குறுக்கும் நெடுக்கும் ஒரே அளவு. வட்டம் வட்டமாகத்தான் இருக்கிறது. கடிகாரத்தை விட்டுவிட்டு என் பிள்ளையை மட்டும் ஒடுக்கும் சாஃப்ட்வேரை எந்த முட்டாள் எழுதினான்?

வீட்டுக்குள் எதற்குத் தொப்பி?

அப்பா


மார்ச் 27

அன்புள்ள அப்பா,

சாஃப்ட்வேரைத் திட்ட வேண்டாம். நீங்கள் அளந்தது சரி.

வயிற்றில் கட்டி. மருந்து ஏற்றுகிறார்கள். சாப்பாடு தங்குவதில்லை, முடியும் போய்விட்டது. டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை.

அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். முதலில் சொன்ன சாஃப்ட்வேரில் அகலத்தைக் கூட்ட ஓர் இடம் உண்டு. கூட்டினால் பழையபடி தெரிவேன். எனக்காக இதை மட்டும் செய்யுங்கள். சண்டையைப் பிறகு போடலாம்.

குண்டு


ஏப்ரல் 6

என் குண்டுவுக்கு,

நீ சொன்னபடி அகலத்தைக் கூட்டினேன். உனக்குக் கன்னம் வந்தது, கடிகாரம் முட்டையானது. அம்மா வெகுநேரம் பார்த்தாள். கடிகாரம் ஏன் இப்படி என்றாள். சாஃப்ட்வேர் கோளாறு என்றேன்.

"உங்களுக்குப் பொய் சொல்ல வராதுங்க. கடிகாரத்தைச் சரி பண்ணுங்க. அவன் எப்படி இருக்கானோ அப்படியே காட்டுங்க."

பழைய அளவிலேயே இன்னொரு டிவிடி எழுதினேன். உன் வீடியோ ஓடும்போது நான் அறை வாசலோடு நின்றுவிடுவது வழக்கம். இன்று கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தேன். அவள் அழவில்லை. மறுபடி போடச் சொன்னாள்.

அவளைப் பார்த்துக்கொள்ள உன் சித்தி வருகிறாள். நான் அங்கே புறப்பட்டு வருகிறேன். வழக்குத் தீர்ந்தது என்று நினைத்துவிடாதே. ஏன் சொல்லாமல் போனாய் என்று நேரில் கேட்கத்தான் போகிறேன். நீ பதில் சொல்லும் தெம்போடு இருக்க வேண்டும்.

தொப்பி இல்லாமல் ஒரு வீடியோ அனுப்பச் சொல்கிறாள். கடிகாரம் தெரியும்படி எடு.

அப்பா