டியூபாவை எடுத்துக்கொண்டு போனார்கள்

மார்ச் 3, செவ்வாய்

பேண்டில் ஊதுகிற டெரிக் வந்து டியூபாவை, அந்தப் பெரிய பித்தளைக் குழலை, கேட்டுவிட்டுப் போனான். டியூபா பேண்டுடையது, எனக்குத் தெரியாதா? இங்கே எந்த வாத்தியமும் ஊதுகிறவனுக்குச் சொந்தமில்லை. ஆள் செத்தால் பேண்டுக்குத் திரும்பிப் போகவேண்டும். என் புருஷன் வில்ஃபே எத்தனை சாவு வீட்டு வாசலில் நின்று வாங்கி வந்திருக்கிறான்.

பிப்ரவரியில் ஒத்திகை முடிந்து வந்து, பெட்டியை மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். எழுந்திருக்கவில்லை. பெட்டி அங்கேயே இருக்கிறது.

அடுத்த வாரம் தருகிறேன் என்றேன். தர மனசில்லை.

மார்ச் 5

பெட்டிமேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

டெரிக் இனி ஊதப்போகிறவளையும் கூட்டி வந்தான். ஹேசல். பஸ் ஓட்டுகிறாள். டெரிக் பெட்டியைத் திறந்து டியூபாவை மடியில் வைத்தான். வைத்ததும் அடியில் இருக்கிற சின்னச் சாவியை அழுத்தி ஒரு ஊது ஊதினான் - இவர்கள் எல்லோரும் அப்படித்தான், வாத்தியத்தைத் தொட்டாலே கை அங்கே போய்விடும். ஊதுகிற மூச்சு குளிர்ந்து உள்ளே நின்ற தண்ணீர் விரிப்பில் கொட்டியது.

கத்திவிட்டேன். "அது வில்ஃப் மூச்சுடா. கடைசியா ஊதினது. அதை ஏன்டா கொட்டின?"

அவன் முகம் வெளுத்துப்போனது. "கை தானா போயிடுச்சு டோரீன்." கைக்குட்டையால் துடைத்தான். அப்புறம் அந்தக் கைக்குட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றான். பாவம். எனக்கும் தெரியவில்லை.

டியூபாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது வாசலில் சொன்னான்: "சனிக்கிழமை சேப்பல்ல நம்ம பேண்டு கச்சேரி, வா. இத்தனை வருஷம் ஊதினவன் இதுக்குள்ள இல்லாம எங்க போவான்? வந்து கேளு."

மார்ச் 13, வெள்ளி

தங்கச்சி ஐவி வந்தாள். கச்சேரியில் மேல்குரலுக்குக் கார்னெட்டே இல்லையாம், வெறும் டியூபா, யூபோனியம், டிராம்போன் என்று அடிக்குரல் வாத்தியங்கள்தானாம். "யானைக் கூட்டத்துக்கு வயித்த வலி வந்த மாதிரி இருக்கும், அதுக்கா போற அக்கா?" சிரிக்கவைக்கப் பார்த்தாள்.

போவேன். அவன் அதில் இருந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா?

மார்ச் 14, சனி

சேப்பல் நிறைய ஆள். நனைந்த கோட்டு வாடை. முதலில் ஒரு தேவகீதம். எல்லோரும் சேர்ந்து அடிக்குரலில் எடுத்தார்கள், பெஞ்சு அதிர்ந்தது, என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. வந்துட்டான் என்று நினைத்தேன். ஒரு நொடி நிஜமாகவே.

அப்புறம் கவனித்துக் கேட்டேன். நீளமாக ஊதுவதற்கு முன்னால் வில்ஃப் மூக்கால் மூச்சிழுப்பான், விசில் மாதிரி வரும். தண்ணீர் கொதித்தால் விசிலடிக்குமே, அந்தக் கெட்டில் என்றுதான் பேண்டில் அவனைக் கூப்பிடுவார்கள். அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவேயில்லை. ஹேசல் சத்தமில்லாமல் மூச்சிழுத்து நன்றாகவே ஊதினாள். அதுதான் தாங்கவில்லை. பாட்டுக்குப் பாட்டு சாவியை அழுத்தித் தண்ணீரைத் தரையில் விட்டாள். அது அவள் தண்ணீர்.

முடிந்ததும் டெரிக் அங்கிருந்து என்னைப் பார்த்தான். தலையாட்டினேன். இருந்தான் என்பதுபோல. அவனாவது தூங்கட்டும்.

மார்ச் 15

இல்லை. எங்கேயும் இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

ஐவியோடு போய்க் கல்லறைக் கல்லுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். பேண்டுக்காரர்களுக்கு வாத்தியத்தைச் செதுக்குவது வழக்கம். கல் கொத்துகிறவர் படம்கூட வரைந்து வைத்திருந்தார். "டியூபா போட்டுடலாங்களா?" என்றார்.

"வேண்டாங்க. அது இப்ப அந்தப் பொண்ணோடது."

பேர், பிறந்தது, செத்தது, போதும் என்றேன். கீழே உங்க பேருக்கும் இடம் விடணுமா என்று தயங்கிக் கேட்டார். ஐவி என் கையைப் பிடித்தாள். விடச் சொன்னேன்.